நான்காம் எண் இயந்திரம்

கார்டிஃப்பில் நவம்பர்.
காலை ஏழரைக்கும் வானம் இன்னும் எழுந்திருக்கவில்லை.
ஸ்டூடியோ வாசலில் கொடுத்த அட்டையில்
லோவ்ரி பென்ரி, தொடர்ச்சி மேற்பார்வை என்று இருந்தது.
இருபத்து மூன்று வருடம் விட்டுப்போன ஒன்றுக்குத்
தொடர்ச்சி பார்க்க வந்திருக்கிறேன்.
சிரிப்பு வந்தது. குறித்துக்கொள்ளவில்லை.

சலவைக்கடையை மறுபடி கட்டியிருந்தார்கள்,
பழைய காட்சிகளை நிறுத்தி நிறுத்தி அளந்து.
அதே வெளிறிய பச்சைச் சுவர்,
அதே சோப்புத்தூள் விளம்பரம், ஆறு இயந்திரங்கள்.
நான்காவதன் மேல் அதே அட்டை: பழுது.
முப்பத்தொரு வாரமும் யாராவது
அதில் காசைப் போட்டு ஏமாறுவார்கள்.
இப்போது வைத்திருப்பது நன்றாக ஓடும் இயந்திரம்.
வாடகைக்கடையில் ஓடாதது கிடைக்கவில்லையாம்.

என் பழைய நோட்டில் இருப்பது:
நெஸ்டா, கூடை இடக்கையில், மேல் பொத்தான் திறந்து.
கெரைன்ட், தேநீர்க் கோப்பை, கைப்பிடி கேமரா பக்கம்.
நெஸ்டாவின் இடது தோள் இப்போது எதையும் தூக்காது.
கூடை வலக்கைக்கு மாறியது. குறித்தேன்.
கெரைன்ட் கோப்பையை எடுத்தால்
தட்டும் கரண்டியும் தாமாகவே பேசுகின்றன.
"அரைக் கோப்பை ஊற்றச் சொல்லட்டுமா?"
"முழுசா ஊத்து லோவ்ரி. சிந்தினா அதுக்கும் சிரிப்பாங்க."

இந்த இருவரும்
மூன்றாம் பருவத்தில் நிஜமாகவே மணந்து
ஐந்தாம் பருவத்தில் நிஜமாகவே பிரிந்தவர்கள்.
தீர்ப்பு வந்த பதினோராம் நாள்
கதைக்காக மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள்,
டிரையர்களுக்கு நடுவே, காகிதப் பூக்களோடு.
ஒரே டேக்.
நேற்று ஒத்திகையில் அவர் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.
அவள் வேறொன்றில் உட்கார்ந்தாள்.

எம்லின் இல்லை.
ஒற்றைக் காலுறையைத் துவைக்க
வாராவாரம் வரும் கிழவர்.
வாசல் மணி குலுங்கும்.
யார் என்று திரும்பிப் பார்க்காமலே
நால்வரும் ஒரே குரலில் கத்துவார்கள்:
இன்னொண்ணு எங்கே?
அவர் தொப்பியைக் கழற்றி, மிக நிதானமாக,
காலில்.
அவ்வளவுதான் நகைச்சுவை. எழுதிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.
அந்த நிதானத்தில்தான் எல்லாம் இருந்தது.

அவருக்கு ஒரு வரி எழுதினார்கள், அடித்தார்கள்,
இன்னொன்று எழுதினார்கள்.
கிறிஸ்துமஸ் இரவில் யாரும் அழ வேண்டாம் என்று
சேனலிலிருந்து சொல்லிவிட்டார்கள்.
ஆகவே அந்தக் கதவு வழியாக யாரும் வருவதில்லை.
மணியை மட்டும் மாட்டியிருந்தார்கள், பார்வைக்கு.

பதிவு நாள். இருநூற்றுப் பத்துப் பார்வையாளர்கள்,
ஈரக் கோட்டுகளின் வாடை.
ஏழாம் காட்சி. நெஸ்டா நான்காம் இயந்திரத்தில்
காசைப் போடக் குனிகிறாள்.
யாரோ பின்புறம் சரக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும்,
காற்று உள்ளே வந்தது.
மணி குலுங்கியது.

நால்வரும் கத்தினார்கள்.
நடிக்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது,
தும்மல் மாதிரி.
இன்னொண்ணு எங்கே?

முதலில் பெரிய சிரிப்பு.
பிறகு அது வரிசை வரிசையாக அணைந்தது,
மேல் வரிசையில் கடைசியாக.
கெரைன்ட்டின் கரண்டி மட்டும் கேட்டது.
மேலே எங்கோ இருட்டிலிருந்து
ஓர் ஆண் குரல், உரக்க அல்ல, நிதானமாகவும் இல்லை,
பொறுக்க முடியாதவர் போல:
"காலில்."

இயக்குநர் நிறுத்தினார்.
மணியின் நாக்கில் பஞ்சு வைத்துக் கட்டினார்கள்.
ஒப்பனைப் பெண் நால்வரிடமும் போய்வந்தாள்.
என் நோட்டில்: ஏழாம் காட்சி, டேக் ஒன்று,
வெளிச்சத்தம், பயன்படாது.
டேக் இரண்டு, சரி.

ஒளிபரப்பான மறுவாரம் புகார்கள் வந்தன.
இருபத்தாறாம் நிமிடத்தில்
நெஸ்டாவின் கூடை வலக்கையிலிருந்து
இடக்கைக்குத் தாவிவிடுகிறதாம்.
இவ்வளவு செலவு செய்து இதைக்கூடப் பார்க்கமாட்டீர்களா
என்று ரில் நகரத்திலிருந்து ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார்.

பார்த்தேன் ஐயா.
இரண்டாம் டேக்குக்கு விளக்கு எரிவதற்குச் சற்று முன்
அவள் கூடையைத் தூக்காத தோளுக்கு மாற்றினாள்.
பல்லைக் கடித்திருந்தாள்.
கெரைன்ட் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
கையில் பென்சில் இருந்தது.